கடன் ஃபைலில் ஒரு ஜாதகம்

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் எல்லாரும் கூடினோம். கூடினோம் என்றால், அவரவர் சர்க்கரை அளவை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே கேசரி சாப்பிட்டோம் என்று அர்த்தம். இப்போது வேலையில் இருக்கிற சில இளைய அதிகாரிகளும் மரியாதைக்காக வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண், கல்விக் கடன் பார்ப்பவர், என்னிடம் கேட்டார்:

"சார், இப்பல்லாம் பசங்க போர்ட்டல்ல போட்டா கம்ப்யூட்டரே மார்க் போட்டு அனுப்பிடுது. நீங்கல்லாம் ஒரு ஃபைல வச்சிக்கிட்டு பத்து நாள் என்னதான் சார் பண்ணுவீங்க?"

"டீ குடிப்போம்மா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் விடவில்லை. "அத அப்படியே எழுதிக் குடுங்க சார், சங்க மலர்ல போடுவோம்" என்றார். அதனால் எழுதுகிறேன். டீ குடித்த பகுதியை மட்டும் குறைத்துவிட்டேன்.

என் வேலை வரலாறு சின்னது. எழுத்தராகச் சேர்ந்தேன். நகைக் கடன் கவுன்டரில் பாதி ஆயுள் போயிற்று. அதிகாரி ஆவதற்கான தேர்வில் மூன்றாம் முறை தேறினேன். முதல் இரண்டு முறை வினாத்தாள் சரியில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். பிறகு கடன் கொடுப்பது எப்படி என்று ஒரு வாரம் சென்னையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாடு பிரமாதமாக இருந்தது. வேறொன்றும் ஞாபகம் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் கல்விக் கடன் மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அதற்கப்புறம் வந்த வேதவல்லி மேடத்திடம்தான்.

மேடம் எங்கள் கிளைக்கு மேலாளராக வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வந்த முதல் நாளே தன் அறை மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளச் சொன்னார். தள்ளியது நான். இடுப்பு பிடித்துக்கொண்டது. கடன் கேட்டு வருகிறவருக்கு எதிர் நாற்காலி கிடையாது, தனக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி. ஏன் என்று கேட்டேன்.

"எதிர்ல உக்காந்தா அவுங்களுக்கு எண்ணெல்லாம் தலகீழாத் தெரியுது சார். கணக்கு ரெண்டு பேருக்கும் நேராத் தெரியணும்ல."

அவர் குரல் ரொம்பத் தாழ்ந்தது. கேட்க வேண்டுமென்றால் நாம்தான் சாய வேண்டும். கத்திக்கொண்டு உள்ளே போகிறவர்கள்கூட, பதிலுக்குக் கத்த ஆள் இல்லாததால், இரண்டாவது வாக்கியத்தில் தாங்களும் இறங்கிவிடுவார்கள். நான் முப்பது வருடம் கத்தியே வேலை பார்த்தவன். என் மனைவி இன்றும் அதற்குச் சாட்சி.

கல்விக் கடன் என்றால் மேடத்துக்கு ஒரு முறை இருந்தது. கல்லூரிக்காரர்கள் அச்சடித்துக் கொடுக்கிற பளபளப்பான புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். "இதுல இருக்கற பசங்க எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்காத மூணு பேரக் கூட்டிட்டு வாங்க" என்பார். அதாவது, அதே படிப்பை முடித்துவிட்டு வெளியே வந்த மூன்று பேரை நாங்கள் தேடிப் பார்க்க வேண்டும். மூன்று பேரில் நன்றாகச் சம்பாதிக்கிறவனை ஒதுக்கிவிடுவார். "அவன் எதப் படிச்சிருந்தாலும் பொழச்சிருப்பான்." நடுவில் இருக்கிறவனின் வருமானத்தை வைத்துத்தான் கணக்கு. மூன்றாவது ஆள், வேலையை விட்டவனோ கிடைக்காதவனோ, அவனிடம் ஏன் என்று மட்டும் கேட்க வேண்டும்.

இந்த முறையில் என்னை அனுப்பியதுதான் அவர் செய்த ஒரே தவறு.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏழுமலை என்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கொஞ்சம் முந்திரியும் வைத்திருக்கிற விவசாயி. மகள் பெயர் செல்வி. பிளஸ் டூ முடித்திருந்தாள். நல்ல மார்க். சிதம்பரம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில், பிளஸ் டூ முடித்தவர்களை நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்கிற இடம் கிடைத்திருந்தது. இன்ஸ்ட்ருமென்டேஷன், இரண்டே வருடம். விடுதியோடு சேர்த்து ஒன்றேகால் லட்சம் கடன் கேட்டார்கள்.

"இந்த மார்க்குக்கு பி.ஈ. கெடைக்குமேம்மா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும் சார். நாலு வருஷம் படிச்சி அஞ்சு லட்சம் கடனோட வெளிய வரணும். அதுக்கு ரெண்டு வருஷத்துல கொஞ்சக் கடனோட வந்துடறேன். வேலைக்குப் போய்க்கினே மேல படிச்சா ஆச்சு" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. உடனே மூன்று பேரைத் தேடிக் கிளம்பினேன்.

நான் வெள்ளைச் சட்டைக்காரன். கையில் கறுப்புத் தோல் பை, பாக்கெட்டில் இரண்டு பேனா. குறிஞ்சிப்பாடியில் ஒரு வீடு, சிப்காட் வாசலில் ஒருவன், முதுநகரில் இன்னொரு வீடு என்று போய் உட்கார்ந்து, பதமாக விசாரித்தேன். தம்பி என்ன படிச்சிருக்கீங்க, எங்க வேலை, சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, சொந்த வீடா வாடகையா, கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா. செலவுக் கணக்குக்காகத்தான் கடைசிக் கேள்வி. வங்கி என்று சொன்னால் பயப்படுவார்களே என்று அதை மட்டும் சொல்லவில்லை.

என்ன உபசாரம் என்கிறீர்கள். குறிஞ்சிப்பாடி வீட்டில் பஜ்ஜி, காப்பி. மூன்று பேரும் மாதம் பதினெட்டாயிரத்துக்குக் குறையவில்லை. கெட்ட பழக்கம் ஒருவனுக்கும் இல்லை. நாட்டில் படிப்பு இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். கிளம்பும்போது குறிஞ்சிப்பாடிப் பையனின் அம்மா ஒரு மடித்த தாளைக் கொடுத்தார். சம்பளச் சீட்டின் நகலாக்கும் என்று பிரிக்காமலே ஃபைலில் செருகினேன். மூலையெல்லாம் மஞ்சளாக இருந்தது. பஜ்ஜி கை என்று நினைத்தேன்.

மறுநாள் மேடம் ஃபைலைப் புரட்டினார்.

"சவரி சார்."

"மேடம்."

"மார்க் ஷீட் இருக்கு. சேர்க்கைக் கடிதம் இருக்கு. இது யாரு சார், ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம்?"

சாய்ந்து பார்த்தேன். கட்டம் போட்ட ஜாதகம். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிற வேதக்காரன். என் பையில் ஜாதகம் வந்த கதையைப் பங்குச் சாமியாரிடம் எந்தப் பாவத்தின் கீழ் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து, முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அவ்வளவு சிரிப்பையும் என் முன்னால் சிரிக்காமல் உள்ளே போய்ச் சிரித்தாரே, அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்?"

"ரெண்டும் பையன் மேடம்."

"அது அவுங்களுக்குத் தெரியாதுல்ல. இவுங்க சொன்னது கல்யாணச் சம்பளம். பொண்ணு வீட்டுக்குச் சொல்றது. பேங்க்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா வசூலுக்கு வந்திருக்கீங்கன்னு பாதியாக் கொறச்சிருப்பாங்க. நமக்கு அந்தச் சம்பளமும் வேணாம், இந்தச் சம்பளமும் வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொன்னு சார். கடன் கேக்கறது பொண்ணு. நீங்க பாத்ததெல்லாம் பசங்க" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர்களுக்கும் தோன்றியதில்லை. படிப்பு ஒன்றுதானே, சம்பளமும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தோம்.

அந்த வாரம் சிதம்பரத்தில் ஆனித் தேர். வெளியூரில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாம் வீட்டுக்கு வருகிற நாள். மேடம் வீடு தெற்கு வீதியை ஒட்டிய ஒரு தெருவில். தேருக்கு வருகிறவர்களுக்காக வருடா வருடம் வாசலில் நீர்மோர் கொடுப்பார். அந்தப் பாலிடெக்னிக்கில் முடித்த பெண் ஒருத்தி அதே தெருவில் இருந்தாள். "கூடப் படிச்சவங்களக் கூட்டிட்டு வாம்மா, மோர் குடிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவைத்திருந்தார்.

எனக்கு ஒரே உத்தரவு. "நீங்க மோர் ஊத்துங்க சார். வாயத் தொறக்காதீங்க."

மூன்று பெண்கள் வந்தார்கள். மேடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. கடலை மிட்டாய் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்: "மாசத்துல எத்தனாந் தேதி உங்களுக்குக் கை காலியாவும்?"

மூன்று பேரும் குபீர் என்று சிரித்தார்கள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொல்லலாம். கை காலியாகிற தேதியில் பொய் சொல்ல யாருக்கும் ஏனோ தோன்றுவதில்லை. அது எல்லாருக்கும் பொதுவான சிரிப்பு.

"எனக்கு இருவதாந் தேதி மேடம். எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சாந் தேதி" என்றாள் ஒருத்தி.

மேடம் தெருவில் இருந்த பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. "எனக்குக் காலியே ஆவாது மேடம். ஹாஸ்டல் கம்பெனியோடது, பஸ்ஸும் கம்பெனியோடது, சோறு கேன்டீன்ல. செலவு பண்ண நேரம் எங்க? ஷிஃப்ட் முடிஞ்சா தூக்கம். ஒம்பதாயிரம் வருது, ஆறாயிரம் அப்படியே நிக்கும். எங்க செட்டு பசங்க ஆயிரம் ரூவா ஜாஸ்திதான் வாங்குறாங்க. ரூம், மெஸ், வண்டி பெட்ரோலு, மாசக் கடைசில எங்ககிட்டதான் கடன்."

மூன்றாவது பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மேடம் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தேதியே இல்ல மேடம். ஒரு வருஷம் போனேன். நிச்சயம் ஆனதும் நிறுத்திட்டாங்க. கடன இன்னமும் எங்கப்பாதான் கட்டறாரு."

நான் மோரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவள் டம்ளர் நிறைந்து வழிந்து என் காலில் கொட்டிக்கொண்டிருப்பதை நான் கவனிக்கவில்லை. "சார், போதும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு மேடம் வாசற்படியில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, விரலிலேயே கணக்குப் போட்டார். படிக்கிற இரண்டு வருடம், வேலை தேட ஒரு வருடம், அதுவரை ஏறுகிற வட்டி எல்லாம் சேர்த்தால் தவணை மாதம் நாலாயிரத்தை ஒட்டி வரும். நிற்கிற ஆறாயிரத்தில் அதைக் கட்டிவிடலாம். இரண்டாயிரம் மிச்சம்.

"படிப்புக்கும் கடனுக்கும் சரியா வருது சார். சம்பளம் நாலஞ்சு வருஷம் அந்தப் பொண்ணு கையிலயே இருந்தா. அது மட்டும்தான் எனக்குத் தெரியல. அத அவுங்க வீட்ல கேட்டாத்தான் உண்டு."

திங்கட்கிழமை வரச் சொன்னோம். கல்லூரியில் பணம் கட்ட மறுநாள்தான் கடைசி. ஏழுமலையும் செல்வியும் வந்தார்கள். கூடவே இன்னொருவரும் வந்தார். செல்வியின் அம்மாவுக்கு அண்ணன், தனவேலு. டிராக்டரும் நெல் அறுக்கிற மிஷினும் வாடகைக்கு விடுகிறவர். வாய் நிறையச் சிரிப்பு.

"மேடம், நீங்க ஒன்னும் செரமப்பட வேணாம்" என்று ஆரம்பித்தார். "பொண்ணு பேருல எதுக்குக் கடன்? நாளைக்கு ஊரு என்னா பேசும்? ரெண்டு வருஷப் பணத்தையும் நானே கட்டிடறேன். வட்டியும் இல்ல, கையெழுத்தும் இல்ல."

"அப்ப நாங்க கடைய மூடிடலாங்களா?" என்றேன்.

"மூடிட்டு நம்ம டிராக்டர்ல வந்து உக்காருங்க சார். உங்க வெயிட்டுக்கு ஏர் நல்லா ஆழமா எறங்கும்."

நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது. அவர் கெட்டவர் இல்லை. அந்த வருடம் ஏழுமலையின் போர்வெல் மோட்டார் எரிந்தபோது, கேட்காமலே புது மோட்டார் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். ஏழுமலைக்கு அவர் எதிரில் பேச்சு வராததற்கும் அதுதான் காரணம்.

மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சந்தோஷம்ங்க. எங்களுக்கும் ஒரு ஃபைல் கொறையும். யார் கடன் குடுத்தாலும் நான் ரெண்டு கேள்வி கேக்கறது வழக்கம். மாசம் எவ்ளோ? எப்ப முடியும்?"

"சொந்தத்துக்குள்ள என்னா மேடம் மாசம் எவ்ளோ? படிச்சி முடிக்கட்டும். என் பையன் கத்தார்ல இருக்கான். எங்க வீட்டுக்குத்தான வரப்போறா. பொறவு எது யாரு பணம்?"

ஏழுமலை ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்தின் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்வி மாமா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மாமா, பேங்க்ல வாங்குனா எத்தினி மாசம்னு போட்டிருக்கு. உங்ககிட்ட வாங்குனா எப்ப மாமா முடியும்?"

"முடியறதுக்கு அது என்னா கடனா கண்ணு?"

"அதான் மாமா. எனக்கு முடியற கடனே போதும்."

அவள் மரியாதை குறையாமல்தான் சொன்னாள். தனவேலு சிரிப்பை நிறுத்த இடம் தெரியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "இன்னா மாப்ள, உன் பொண்ணு கணக்கெல்லாம் பேசுது" என்றார். கடன் தாளில் மகளோடு சேர்ந்து கையெழுத்துப் போட ஏழுமலை முன்னால் பேனா இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"நாளைக்கு வரோம் மேடம்" என்று எழுந்தார். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிப் போய் வராததைப் பார்த்தவன் நான். தனவேலு முதலில் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மேடம் தாள்களை அடுக்கிக்கொண்டே, வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில், "கூடக் கையெழுத்து அப்பாதான் போடணும்னு ஒன்னும் இல்ல. அம்மாவும் போடலாம்" என்றார். சாய்ந்து கேட்டவள் செல்வி ஒருத்திதான்.

மறுநாள் நான் வங்கி திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றேன். காவலாளி, "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார். மேடமும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கையெழுத்து ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும், கல்லூரி பெயருக்கான டிடி வரை, தயாராக்கி வைத்தார். வருகிறார்களா என்று ஒரு தடவைகூட வாசலைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பார்த்தேன்.

செல்வி வந்தாள். கூட வந்தது அப்பா இல்லை. ஒல்லியாக ஒரு அம்மா, கையில் துணிப்பை. அதில் ரேஷன் கார்டும் போட்டோவும் தயாராக இருந்தன.

"வீட்டுக்காரர் வரலிங்களாம்மா?" என்று கேட்டேன்.

"மாட்டுக்குத் தவுடு வாங்கப் போயிருக்காரு" என்றார் செல்வியின் தாயார் அஞ்சலை அம்மா, கண்ணைத் தாழ்த்தாமல்.

மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மா கேட்ட கேள்விகள், என் பயிற்சி வகுப்பில் ஒருவரும் கேட்காதவை. வேலை கிடைக்காவிட்டால் யார் கட்டுவது? நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால்? மேடம் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. "வேல கெடைக்கலன்னா உங்க தலையிலதான் விழும்மா. கெடைச்சாலும் நாலஞ்சு வருஷம் சம்பளம் அவ கையில இருக்கணும். இல்லன்னா இந்தக் கடன் வேணாம்னுதான் நானே சொல்வேன்."

"நாலஞ்சு வருஷம் அவ கையில இருக்கும். அது எம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

செல்வி படிப்பை முடித்தாள். வேலை கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. முதல் இரண்டு தவணைக்கு நான் போன் போட்டுக் கத்தினேன், மேடம் போன் போட்டு மெதுவாகப் பேசினார், மேடம் பேசிய பிறகு பணம் வந்தது. கெடுவுக்கு முன்னாலேயே கடனை முடித்துவிட்டாள். அதற்குள் மேடத்துக்கு மாற்றலாகிவிட்டது. யாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று கேட்காதீர்கள். அது கடன் பிரிவுக்குச் சம்பந்தம் இல்லாதது. கத்தார் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு முடித்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க அண்ணன் கோச்சிக்க மாட்டாராம்மா?" என்று கேட்டேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கோச்சிக்கத்தான் போறாரு சார். அதுக்குத்தான நான் வந்தேன்" என்றார் அஞ்சலை அம்மா. "அவுரு போட்டிருந்தா மச்சான் மாப்ள சண்ட. தலமொறைக்கும் நிக்கும். நான் போட்டா அண்ணன் தங்கச்சி சண்ட. பொங்க சீரு கொண்டாரதுக்குள்ள தீந்துடும்."

பேனாவை மூடி மேடத்திடம் கொடுத்தார். பிறகு மகளின் முழங்கையைத் தட்டி, "எழுந்திரு, டிடிய வாங்கு. சிதம்பரம் பஸ்ஸு போயிடப் போவுது" என்றார்.